‘பார்க்கலாம்’ என்றார் கேப்டன்

பன்னிரண்டே பயணிகள், ஒரு பழைய மீன்பிடிக் கப்பல், ஸ்காட்லாந்துத் தீவுகளில் ஏழு நாள்

ஓபன் துறைமுகத்தில் எங்கள் கப்பலைக் கால்மணி நேரம் தேடினோம். தீவுகளுக்கு ஓடும் கார் ஃபெர்ரி ஒன்று மூன்று மாடிக் கட்டடம்போல நின்று பாதிக் கடலை மறைத்திருந்தது. அதன் சிவப்புப் புகைபோக்கிக்குக் கீழே, நண்டுக் கூண்டு அடுக்கிய படகுகளுக்கு நடுவே, கரும்பச்சை வண்ணத்தில் கட்டையாக ஒன்று மிதந்தது. ஏதோ மீன்பிடிப் படகு என்று தாண்டிப் போய்விட்டோம். திரும்பி வந்து பெயரைப் படித்த அக்கா, “டேய், இதுதான்டா” என்றாள்.

க்ரூஸ் என்றால் என் மனத்தில் இருந்த படம் வேறு. நீச்சல் குளம், சூதாட்ட அறை, நாலாயிரம் பேர், தட்டோடு நிற்கும் பஃபே வரிசை. இதில் நான் எழுந்து நின்றால் கேபின் கூரையில் தலை இடித்தது. ஒரு காலத்தில் பிடித்த மீனை ஐஸில் போட்டு வைத்த அறையைத்தான் ஆறு கேபினாகத் தடுத்திருந்தார்கள். கட்டில் விளிம்பில் ஒரு சாண் உயரத்துக்குப் பலகை. எதற்கு என்று அன்றிரவு புரியவில்லை, மூன்றாம் நாள் புரிந்தது.

அக்கா கிளாஸ்கோவில் முப்பது வருடம் மருத்துவம் பார்த்தவள். ஓய்வு பெற்றதற்குத் தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட பரிசு இந்தப் பயணம். துணைக்கு என்னைச் சென்னையிலிருந்து வரவழைத்திருந்தாள். ஆளுக்குச் சில ஆயிரம் பவுண்டு. “இவ்ளோ காசு கொடுத்து மீன்வாடையிலயா தூங்கணும்?” என்று கேட்டேன். வாடை எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். புது வார்னிஷும் ரொட்டி சுடும் மணமும்தான்.

எங்களோடு சேர்த்துப் பயணிகள் பன்னிரண்டு பேர். கேப்டன், என்ஜின்காரர், சமையல்காரப் பெண், பறவைகளையும் கல்லையும் பற்றிச் சொல்ல ஒரு வழிகாட்டி என ஊழியர்கள் நால்வர். அந்தப் பன்னிரண்டுக்கு ஒரு காரணம் உண்டு. டைட்டானிக் மூழ்கி இரண்டு வருடம் கழித்து, 1914-ல், கடலில் உயிர்களைக் காப்பதற்கென்று நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. சோலாஸ் என்று சுருக்கிச் சொல்வார்கள். இன்றைக்கும் அதன் கணக்கில், பன்னிரண்டு பேருக்கு மேல் ஏற்றினால்தான் அது ‘பயணிகள் கப்பல்’. பதின்மூன்றாவது ஆள் காலை வைத்தால் தீயணைப்பு, உயிர்காக்கும் படகு, கப்பலின் உடம்பை எத்தனை தடுப்பாகப் பிரிப்பது என்று விதிகள் மலைபோல ஏறிவிடும். பழைய மீன்பிடிக் கப்பலை வாங்கித் தட்டிக்கொட்டி மாற்றுகிறவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. ஆகவே ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இப்படிப் பன்னிரண்டு பேர் கப்பல்கள் நிறைய.

பெரிய இடத்து மனிதர்களுக்கு வேறு ஏற்பாடு இருக்கிறது. ஹெப்ரிடியன் பிரின்சஸ் என்று ஒன்று, ஐம்பது பேர் போகலாம். அதுவும் 1964-ல் சாதாரண கார் ஃபெர்ரியாகப் பிறந்ததுதான். எலிசபெத் அரசி தமது எண்பது வயது ஆண்டில், 2006-ல், அதை முழுசாக வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு இந்தத் தீவுகளைச் சுற்றினார்.

முதல் நாள் மாலை எல்லோரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். கேப்டன் ஒரு கடல் வரைபடத்தை விரித்து, மூலைக்கொன்றாக நாலு காப்பிக் கோப்பையை வைத்தார். அறுபது வயது இருக்கும். முன்பு கூண்டு போட்டு நண்டு பிடித்தவராம். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்டோம்: செயின்ட் கில்டாவுக்குப் போவோமா? பயணம் பதிவு செய்ததே அதற்குத்தான். அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு வரைபடத்தைப் பார்த்தார். “பார்க்கலாம்” என்றார்.

ஆங்கிலத்தில்தான் சொன்னார், நான் தமிழில் வாங்கிக்கொண்டேன், அங்கேதான் தப்பு. நம் மொழியில் அந்தச் சொல்லுக்கு இரண்டு முகம். ‘மேலே ஏறினா அருவியைப் பார்க்கலாம்’ என்று குற்றாலத்தில் வழி சொல்கிறவரின் பார்க்கலாம் ஒன்று. கல்யாணத் தரகரிடம் பெண்ணின் அப்பா இழுத்துச் சொல்லும் பார்க்கலாம் இன்னொன்று. நான் முதலாவது என்று நினைத்துத் தூங்கிவிட்டேன்.

லங்காவில் ஒரு மதியம்

முதல் இரவு மல் தீவின் டோபர்மரியில். கரையோரம் வீட்டுக்கு ஒரு வண்ணம் பூசிய அழகான ஊர். 1588-ல் ஒரு ஸ்பானியப் போர்க்கப்பல் இந்த விரிகுடாவில் வெடித்து மூழ்கியதாம். அதன் தங்கத்தைத் தேடி நானூறு வருடமாக ஆட்கள் மூழ்கி எழுந்துகொண்டிருக்கிறார்கள். கிடைத்ததைவிடச் செலவழித்தது அதிகம்.

மறுநாள் இறங்கிய தீவின் பெயரை வழிகாட்டிப் பெண் சொன்னதும் நானும் அக்காவும் சிரித்துவிட்டோம். லங்கா. ட்ரெஷ்னிஷ் தீவுக்கூட்டத்தில் பெரியது அது. பாலம் கட்ட வேண்டிய அவசியம் இல்லை. கப்பலிலிருந்து ரப்பர் படகில் ஆறாறு பேராக ஏறிப் போனோம். கரை என்று ஒன்று கிடையாது. யானைத்தலை அளவுக்கு உருண்டைக் கற்கள், மேலே வழுக்கும் பாசி. அதைத் தாண்டி ஒரு செங்குத்துப் பாதையில் மேலே ஏறினால் புல்வெளி. புல்வெளியின் விளிம்பில் பஃபின்.

புகைப்படத்தில் பார்த்துப் பெரிய பறவை என்று நினைத்திருந்தேன். மாடப்புறாவைவிடக் கொஞ்சம் குண்டு, அவ்வளவுதான். எடை அரைக் கிலோகூட வராது. மூக்கில் மட்டும் யாரோ திருவிழாவுக்கு வண்ணம் அடித்துவிட்டதுபோல ஆரஞ்சு, மஞ்சள், சாம்பல் நீலம். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அந்த வண்ணத் தகடுகள் உதிர்ந்துவிடும். முயல் வளைபோல மண்ணைத் தோண்டி, வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை. ஏப்ரலில் வந்து, குஞ்சு வளர்த்து, ஆகஸ்ட் பிறப்பதற்குள் பெரும்பாலும் கடலுக்குப் போய்விடும். பிறகு அடுத்த வசந்தம் வரைக்கும் தரையையே மிதிப்பதில்லை.

நாங்கள் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை. ஒன்று பறந்து வந்து என் செருப்பிலிருந்து மூன்றடி தூரத்தில் இறங்கியது. அலகில் குறுக்காக ஏழெட்டு மணல்மீன், வெள்ளி மீசைபோல. என்னைப் பார்த்தது, எனக்குப் பின்னால் வானத்தைப் பார்த்தது, விறுவிறுவென்று நடந்து வளைக்குள் புகுந்துகொண்டது. மனிதன்மேல் பாசம் என்று நினைத்துவிடக் கூடாது. கடற்காகங்கள் இதன் வாயிலிருக்கும் மீனைப் பிடுங்கப் பார்க்கும். மனிதர்கள் நிற்கும் இடத்துக்குக் கடற்காகம் வராது. ஆகவே ஆள் வந்ததும் பஃபின்கள் பக்கத்தில் வந்து இறங்குகின்றன. எங்களைப் போலீஸ்காரர்போல நிறுத்திவைத்துக்கொண்டு தங்கள் வேலையை முடித்துக்கொள்கின்றன. இந்தப் பயணத்தில் நான் ஒருவருக்குப் பிரயோசனமாக இருந்த நேரம் அதுதான்.

அதே நாள் பிற்பகல் ஸ்டாஃபா. கடலுக்குள்ளிருந்து எழும்பும் அறுகோணக் கருங்கல் தூண்கள், தச்சன் அளந்து வெட்டியதுபோல. ஏறக்குறைய ஆறு கோடி வருடத்துக்கு முன் எரிமலைக் குழம்பு மெதுவாகக் குளிர்ந்து சுருங்கும்போது, காய்ந்த ஏரிக்களிமண்போல வெடித்துப் பிளந்த வடிவம் அது. தூண்களின் வெட்டுத் தலைகள்மேல் கால் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஃபிங்கல் குகைக்குள் போனோம். எழுபது மீட்டர் ஆழம். உள்ளே அலை வந்து முட்டும்போது காதுக்கு முன்னால் நெஞ்சுக்குக் கேட்கிறது. அந்த ஊர் கேலிக் மொழியில் இதற்கு ‘இன்னிசைக் குகை’ என்று பெயர்.

இசையமைப்பாளர் மெண்டல்சன் இருபது வயதில், 1829 ஆகஸ்டில், இங்கே வந்தார். ‘ஹெப்ரிடீஸ்’ என்ற அவருடைய புகழ்பெற்ற இசை இந்தக் குகையில் பிறந்தது என்று எல்லாச் சுற்றுலாத் தாளிலும் போட்டிருக்கிறார்கள். உண்மையில் அதன் தொடக்க மெட்டை அவர் வீட்டுக்குக் கடிதத்தில் எழுதி அனுப்பியது ஸ்டாஃபாவைப் பார்ப்பதற்கு முந்தின நாள். குகையைப் பார்க்கப் போன அன்று அவருக்குக் கடல் மயக்கம், வாந்தி. இந்தத் தகவலை அக்கா மறுநாள் ரொம்ப ஆறுதலாக நினைவில் வைத்துக்கொண்டாள்.

அல்வா வாங்கியவர்கள்

அன்றிரவு நங்கூரம் போட்ட இடத்துக்குப் பக்கத்துத் தீவு அல்வா. சத்தியமாக, உச்சரிப்பு அதேதான். பத்தரை மணிக்குத்தான் இருட்டத் தொடங்கியது. ஒரு வீட்டு விளக்குகூட இல்லை. எங்களோடு வந்த ஒரு ஜெர்மன் தம்பதியில் பெண்மணி, “எவ்வளவு சுத்தமான இயற்கை, மனிதன் கைபடாதது” என்று சொல்லிக்கொண்டு கேமராவைத் தூக்கினார்.

வழிகாட்டி மெதுவாகச் சொன்னாள்: 1837-ல் இந்தத் தீவில் அறுநூறு பேர் இருந்தார்கள்.

கடற்பாசியை எரித்துச் சாம்பலாக்கினால் கண்ணாடிக்கும் சோப்புக்கும் வேண்டிய சோடா கிடைக்கும். நெப்போலியன் காலத்து யுத்தங்களின்போது வெளிநாட்டுச் சரக்கு வராததால் அந்தச் சாம்பலுக்கு நல்ல விலை. நிலப்பிரபுக்கள் தீவு முழுக்க ஆட்களைக் குடியேற்றிப் பாசி எரிக்க வைத்தார்கள். சண்டை முடிந்தது, விலை விழுந்தது. 1846-ல் உருளைக்கிழங்கு அழுகல் நோய் வந்து சாப்பாடும் போயிற்று. 1835-ல் தீவை விலைக்கு வாங்கியிருந்தவருக்கு இப்போது ஆட்கள் பாரம், ஆடு லாபம். நம்மூரில் ‘அல்வா கொடுப்பது’ என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அடுத்த சில வருடத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானவர்களை அவர் வெளியேற்றினார். 2018-ல் ஊர்ச் சமூகமே அரசு நிதியோடு தீவை வாங்கியபோது அங்கே குடியிருந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை.

இந்தத் தீவில் 1762-ல் பிறந்த ஒருவர் பெயர் லாக்லன் மக்வாரி. பின்னாளில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸுக்குக் கவர்னராகி, அங்கே பாதி ஊர்த் தெருக்களுக்குத் தன் பெயரைக் கொடுத்தவர். அதற்கு முன் கம்பெனிப் படையோடு 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் நின்றவர், திப்பு விழுந்த அந்த முற்றுகைதான். தன் தீவில் நிலம் இல்லாதவன் இன்னொருவன் நிலத்துக்குத் துப்பாக்கி தூக்கிப் போவது எங்கேயும் நடந்திருக்கிறது. அந்தக் கணக்கை நான் அக்காவிடம் சொல்லத் தொடங்கினேன். “கொசு கடிக்குது, உள்ளே போ” என்றாள். கொசு இல்லை, மிட்ஜ். உப்புத்தூள் அளவு. காற்று நின்ற மாலைகளில் கரையிலிருந்து மேகமாக வந்து, முடிக்குள் புகுந்து கடிக்கும். ஸ்காட்லாந்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். ஒரு வரிக்கு மேலேயே கடித்தது.

போகாத தீவு

மூன்றாம் நாள் மேற்கே கடலைக் கடந்து பாரா தீவுக்கு. ஏழு மணி நேரம். கப்பல் அணியத்தைத் தூக்கி, ஒரு விநாடி யோசித்து, பிறகு பொத்தென்று இறக்கியது. கட்டிலின் பலகை எதற்கு என்று இப்போது தெரிந்தது. அக்கா அமரத்தில் கைப்பிடிக் கம்பியோடு ஒட்டி, அடிவானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பது வருடம் மற்றவர்களுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தவளுக்குத் தன் மாத்திரையை ஒரு மணி நேரம் முன்னாலேயே போட்டுக்கொள்ள வேண்டும் என்பது மறந்துவிட்டது. சமையல்காரப் பெண் இஞ்சி பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டுப் போனாள். ஒன்றும் பேசவில்லை. அதுதான் சரியான வைத்தியம்.

கோஸ்ட்கார்டு வயர்லெஸ்ஸில் மூன்று மணிக்கொரு முறை கடல் வானிலை சொல்கிறார்கள். ‘மேலின், ஹெப்ரிடீஸ்’ என்று தொடங்கினால் கப்பலில் எல்லோர் பேச்சும் நின்றுவிடும். மறுநாள் இரவு முதல் காற்று மேற்கே திரும்பி வலுக்கும் என்றது. நம் மீனவர்கள் கச்சான் என்று சொல்வார்களே, அந்த மேலைக்காற்று. கேப்டன் சாயங்காலம் மறுபடி வரைபடத்தை விரித்தார். மறுபடி நாலு கோப்பை. தன் பென்சில் நுனியை செயின்ட் கில்டாமேல் வைத்துப் பேசினார். மிக அருகிலிருக்கும் தீவிலிருந்தே அறுபத்துநாலு கிலோமீட்டர், திறந்த அட்லாண்டிக்கில். நங்கூரம் போட அங்கே இருப்பது ஒரே ஒரு விரிகுடா, அதுவும் தென்கிழக்கைப் பார்த்துத் திறந்தது. போய்விடலாம், திரும்புவது எப்போது என்று சொல்ல முடியாது. அங்கே போய் இறங்க முடியாமல், கேபினில் பன்னிரண்டு பேரை உருட்டிக்கொண்டு இரண்டு நாள் கிடக்க அவர் தயாரில்லை. “இந்த முறை இல்லை” என்றார். யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

ஒரு அமெரிக்கர் கொஞ்சம் முகம் சிவந்தார். கட்டிய பணத்தைப் பற்றி ஏதோ தொடங்கி, ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, சூப்பைக் குடித்தார்.

போகாத தீவின் கதையை அன்றிரவு வழிகாட்டி சொன்னாள். ஹிர்ட்டா என்ற அதன் முக்கியத் தீவில் மக்கள் பல நூற்றாண்டு வாழ்ந்தார்கள். வயலைவிடப் பறவையை நம்பியவர்கள். ஆண்கள் கயிற்றைக் கட்டிக்கொண்டு செங்குத்துப் பாறைகளில் இறங்கி, முட்டையும் குஞ்சும் எடுத்து, கல்லறைபோன்ற சிறு கல்குடில்களில் காற்றில் உலர்த்தி வைப்பார்கள். அப்படிப்பட்ட குடில்கள் அந்தத் தீவில் இன்றும் ஆயிரத்துக்கு மேல் நிற்கின்றன. பிறகு இளையவர்கள் போய்விட்டார்கள். பாறையில் இறங்க ஆள் இல்லை. கடைசியில் எங்களைக் கூட்டிப் போங்கள் என்று அவர்களே அரசுக்கு எழுதினார்கள். 1930 ஆகஸ்ட் 29 அன்று ஹேர்பெல் என்ற கடற்படைக் கப்பல் வந்து மிச்சமிருந்த முப்பத்தாறு பேரை ஏற்றிக்கொண்டது. வீட்டுக்கு வீடு பைபிளைத் திறந்து வைத்து, பக்கத்தில் ஒரு பிடி ஓட்ஸ் வைத்துவிட்டுப் புறப்பட்டார்கள் என்பது எல்லோரும் சொல்லும் கதை. அவ்வளவாகச் சொல்லப்படாததையும் அவள் சொன்னாள். நாய்களைக் கூட்டிப் போக முடியவில்லை. கழுத்தில் கல்லைக் கட்டி விரிகுடாவில் போட்டார்கள்.

மிங்குலே

கில்டாவுக்குப் பதிலாக மறுநாள் காலை மிங்குலே. பாராவுக்குத் தெற்கே, வெளித் தீவுச் சங்கிலியின் வால்நுனியில் இருக்கிறது. கச்சான் வலுப்பதற்குள் போய் வந்துவிடலாம், விரிகுடா கிழக்கே பார்த்தது என்று கேப்டன் கணக்குப் போட்டார்.

விரிகுடா அழகாக வளைந்து வெண்மணலோடு இருந்தது. ஆனால் மணலில் படகை விட முடியாது. அலை திருப்பிப் போட்டுவிடும். ஓரத்தில் ஒரு பாறைக்குப் பக்கத்தில் ரப்பர் படகை நிறுத்தாமல் நிறுத்தி, அலை மேலே தூக்கும் விநாடியில் “இப்போ!” என்று கத்துவார்கள். தாவ வேண்டும். அக்கா தாவினாள். அறுபத்திரண்டு வயதில், லைஃப் ஜாக்கெட்டோடு. எனக்கு இரண்டு தடவை “இப்போ” தேவைப்பட்டது.

மிங்குலேயின் மொத்தச் சரித்திரமே அந்த ஒரு தாவல்தான். 1880-களில் இங்கே நூற்றைம்பது பேர். படகு கட்டத் துறை கிடையாது. மீன்பிடிக்கப் போகும் ஒவ்வொரு முறையும் படகைத் தோளில் தூக்கிக் கடலில் இறக்கி, திரும்பி வந்ததும் மறுபடி தூக்கிக் கரையேற்ற வேண்டும். 1897-ல் பக்கத்துத் தீவான பாபேயில் ஒரு படகு ஐந்து பேரோடு போய்த் திரும்பவில்லை. அந்தச் சின்னத் தீவின் ஆண்களில் பெரும்பகுதி அந்த ஐந்து பேர்தான். துறை கட்டிக் கொடுங்கள் என்று மிங்குலேக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1901-ல் சரக்கு ஏற்றி இறக்க ஒரு பளுதூக்கியை நட்டுவைத்தார்கள். அது பெரிதாக உதவவில்லை.

ஊர் விரிகுடாவின் தலைமாட்டில் இருக்கிறது. இருக்கிறது என்று சொல்வதா, இருந்தது என்பதா? சுவர்கள் தோள் உயரத்துக்கு, இடுப்பு உயரத்துக்கு. காற்று கொண்டுவந்த மணல் வீடுகளுக்குள் ஏறி, சில இடத்தில் ஜன்னல் மாடத்தைத் தொட்டுவிட்டது. கூரை ஒன்றிலும் இல்லை. சுவர் மூலைகள் கூராக இல்லாமல் உருண்டையாக வளைத்துக் கட்டப்பட்டவை, காற்று முட்டாமல் வழுக்கிப் போவதற்கு. ஒரு வீட்டு வாசற்படிக் கல்லில் நடுவில் பள்ளம். கையை வைத்துப் பார்த்தேன், உள்ளங்கை அப்படியே அடங்கியது. எத்தனை தலைமுறை வெறுங்கால்!

அக்கா அடுப்பு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். “இங்கே ஒரு பிரசவம் சிக்கலாச்சுன்னா என்ன பண்ணியிருப்பாங்க?” என்றாள். டாக்டர் இருந்தது பாராவில். நடுவில் இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான கடல், மாதக்கணக்கில் யாரும் கடக்க முடியாத கடல். அவளே பதிலும் சொன்னாள்: “ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டாங்க.” அங்கே மணலில் நூற்றுக்கணக்கான சீல்கள் கிடந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. ஊரைக் காலி செய்த பிறகு குடிவந்தவர்கள்போல.

இந்தத் தீவுகளின் சொந்தக்காரி லேடி கார்டன் கேத்கார்ட் என்ற சீமாட்டி. அரை நூற்றாண்டு காலம் உடைமையாக வைத்திருந்து, ஒரே ஒரு தடவைதான் வந்து பார்த்தார் என்கிறார்கள். பாராவுக்கு ஒட்டினாற்போல வாட்டர்சே என்று நல்ல மண் உள்ள தீவு ஒன்று இருந்தது. அதை ஒரே பண்ணையாக வைத்திருந்தார்கள். நிலமில்லாத பாரா, மிங்குலே ஆட்கள் படகில் போய் அங்கே உருளைக்கிழங்கு நட்டு, குடிசை போட்டார்கள். 1908-ல் அவர்களில் பத்துப் பேருக்கு எடின்பரோவில் இரண்டு மாதச் சிறைத்தண்டனை. நாடு முழுக்க அனுதாபம் எழுந்தது. அடுத்த வருடமே அரசு வாட்டர்சேயை விலைக்கு வாங்கி ஐம்பத்தெட்டுப் பங்காக்கிக் கொடுத்தது. மிங்குலேக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். 1912-ல் ஊர் முழுக்கக் காலி.

இன்னொன்று. ‘மிங்குலே படகுப் பாட்டு’ என்று ஒன்று ஸ்காட்லாந்து முழுக்கப் பிரசித்தம். பப்பில் பாடுவார்கள், பள்ளியில் பாடுவார்கள். எங்கள் கப்பலிலும் இரண்டாம் நாள் பாடினார்கள். அதை எழுதியது கிளாஸ்கோக்காரரான ஹ்யூ ராபர்ட்டன், 1938-ல். தீவு காலியாகி இருபத்தாறு வருடம் கழித்து. வீட்டுக்குத் திரும்பும் படகைப் பற்றிய பாட்டு அது. மிங்குலேயில் யாரும் அதைப் பாடியதில்லை.

ஆளில்லாத தீவு என்று பயணத் தாளில் அச்சிட்டிருந்தது. ஆளை எடுத்த தீவு என்று போட்டிருக்க வேண்டும். அழகு என்று நாம் காசு கொடுத்துப் பார்க்க வரும் வெறுமையில் பெரும்பகுதி, யாரோ ஒரு கணக்குப் புத்தகத்தில் போட்ட கழித்தல். ஜெர்மன் பெண்மணி அன்று கேமராவை வெளியே எடுக்கவில்லை என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். எடுத்தார். நானும் எடுத்தேன்.

இருக்கிறவர்கள்

கச்சான் சொன்னபடி வந்தது. இரண்டு இரவு வாட்டர்சே விரிகுடாவில் ஒதுங்கிக் கிடந்தோம். 1986-ல் வாட்டர்சேயிலிருந்து பாராவுக்குக் கடலில் நீந்த வைத்துக் கூட்டிப்போன ஒரு பொலிகாளை மூழ்கிச் செத்தது. அந்த ஊர்க்காரர்கள் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த தரைப்பாலத்துக்கு அந்தக் காளை பத்திரிகைகளில் வாதாடியது. 1991-ல் பாலம் வந்தது. பாராவின் விமானநிலையம் ஒரு கடற்கரை. ஓதம் வற்றினால் விமானம் இறங்கும், விமானம் இல்லாத நேரம் சிப்பி பொறுக்குகிறவர்களுக்கு.

காற்று தணிந்ததும் கன்னா. பத்திருபது பேர் வாழும் தீவு. கடைக்குப் பூட்டில்லை, ஆளில்லை. எடுத்ததை நோட்டில் எழுதி, காசைப் பெட்டியில் போட வேண்டும். 2015-ல் ஒரு ராத்திரி யாரோ சாக்லேட், பேட்டரி, கையால் பின்னிய ஆறு கம்பளித் தொப்பி எல்லாவற்றையும் தூக்கிப் போய்விட்டார்கள். நாட்டுப் பத்திரிகைகளிலெல்லாம் அது செய்தியாயிற்று. இன்னும் பூட்டுப் போடவில்லை.

கன்னாவை 1938-ல் வாங்கிய ஜான் லோர்ன் கேம்பல் கேலிக் பாட்டுகளையும் கதைகளையும் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தவர். 1981-ல் தீவையே நாட்டு அறக்கட்டளைக்குக் கொடுத்தார். அவர் வீட்டு நூலகத்தைப் பற்றிக் கேட்டபோது எனக்கு வேறொரு தீவுக்காரர் நினைவு வந்தது. இங்கிருந்து வடக்கே லூயிஸ் தீவின் ஸ்டோர்னவே ஊரில் 1754-ல் பிறந்து, சென்னைக்கு வந்து, இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலான காலின் மெக்கன்சி. நம் கிராமங்களின் கைபீதுகளையும் வம்சாவளிகளையும் கல்வெட்டு நகல்களையும் ஆள் வைத்துத் திரட்டினாரே, அவர்தான். அந்தச் சுவடிகளில் ஒரு பகுதி இன்றும் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது. மக்வாரி நின்ற அதே ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் இவரும் எஞ்சினியராக இருந்தார். 1821-ல் வங்காளத்திலேயே இறந்துபோனார்.

கடைசித் தீவு எய்க். எழுத்து அப்படி; சொல்வது ‘எக்’ என்று. துறையில் இறங்கியதும் டீக்கடை, சைக்கிள் வாடகை, சத்தம், குழந்தைகள். ஒரு வாரத்தில் நாங்கள் பார்த்த முதல் குழந்தைக் கூட்டம்.

இங்கேயும் சொந்தக்காரர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஊர்க்காரர்கள் சலித்துப்போய் நாடெங்கும் பணம் திரட்டினார்கள். பதினைந்து லட்சம் பவுண்டு. அதில் பெரும்பகுதி பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் கொடுத்தது. 1997 ஜூன் 12 அன்று தீவு அவர்களுடையது ஆயிற்று. அப்போது அறுபதுக்குக் கொஞ்சம் மேல் இருந்தவர்கள் இப்போது நூறைத் தாண்டிவிட்டார்கள்.

டீக்கடைப் பெண்ணிடம் அக்கா கேட்டாள், இங்கே கரண்ட் எப்படி? வெளிநாட்டில் இருந்தாலும் தமிழ்நாட்டுக்காரிக்கு அந்தக் கேள்வி முதலில் வந்துவிடும். நாட்டு மின்கம்பி இந்தத் தீவுக்கு வந்ததில்லை. 2008 வரை வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர். பிறகு ஓடைத் தண்ணீர், காற்றாடி, சூரியத் தகடு மூன்றையும் இணைத்து ஊரே சொந்தமாக மின்சாரம் எடுக்கிறது. வீட்டுக்கு ஒரே நேரத்தில் ஐந்து கிலோவாட்தான். மீறினால் கட் ஆகிவிடும். ஆள் வந்துதான் போட்டுவிட வேண்டும். “அவனில் ரொட்டி இருக்கும்போது வாஷிங் மெஷின் போட மாட்டேன்” என்றாள் அந்தப் பெண், இதில் என்ன அதிசயம் என்பதுபோல. வசதிக்குக் குறைச்சல் என்று அவள் முகத்தில் இல்லை. பின்னால் ஒரு சின்னப் பையன் கரும்பலகையில் ‘சூப்’ என்ற சொல்லை அழித்துவிட்டு ‘சூப் தீர்ந்தது’ என்று எழுதிக்கொண்டிருந்தான்.

ஓபனுக்குத் திரும்பிய காலை கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. மல் தீவின் மலை தலைகீழாகத் தண்ணீரில். கேப்டன் மேற்கே கையைக் காட்டி, “இன்றைக்கு அங்கே இறங்கலாம்” என்றார். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அமெரிக்கரும் சிரித்துவிட்டார்.

கயிறு கட்டும்போதே துறையில் அடுத்த பன்னிரண்டு பேர் பெட்டிகளோடு நின்றிருந்தார்கள். சிலர் ஃபெர்ரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதுதான் தங்கள் கப்பல் என்று நினைத்து. சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் மட்டும் சரியாக எங்களிடம் வந்து, நாங்கள் இறங்குவதற்கு முன்பே கேப்டனிடம் கேட்டார்: செயின்ட் கில்டாவுக்குப் போவோமா?

கேப்டன் வானத்தைப் பார்த்தார். அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள்.